கட்டப்படாத பெருங்கப்பல்களும் ஒரு தமிழரின் கையெழுத்தும்

(கிளியனூரில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1922 பிப்ரவரி 6 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. உலகின் ஐந்து பெரிய கடற்படை நாடுகள் தங்கள் போர்க்கப்பல்களின் அளவுக்குத் தாங்களே எல்லை கட்டிக்கொண்ட ஒப்பந்தம் அது. அமெரிக்கர், ஆங்கிலேயர், ஜப்பானியர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் எனப் பலரும் கையொப்பமிட்ட அந்தத் தாளில் இந்தியாவின் சார்பில் ஒரு பெயர் இருக்கிறது: வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்தை ஒட்டிய ஊர்க்காரர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர்.

அந்தத் தாளால் கட்டப்படாமல் நின்றுபோன கப்பல்களைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். சாஸ்திரியாரின் ஆங்கிலப் புலமையை நம் மேடைகளில் நூறு முறை புகழ்ந்திருக்கிறோம். உலகக் கடற்படை வரலாற்றின் மிகப் பெரிய முடிவு ஒன்றில் அவர் கையெழுத்து இருப்பதை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்? எனக்கு அது பெரிய மனக்குறை. அதை உங்கள் முன் வைக்காமல் இருக்க முடியவில்லை.

வயலும் ஏரியும் சூழ்ந்த கிளியனூரில் போர்க்கப்பல் பேச்சு எதற்கு என்று நினைக்க வேண்டாம். சங்ககால மன்னன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இது. அவனுடைய எயிற்பட்டினத்தை ஆய்வாளர்கள் இன்றைய மரக்காணத்தோடு பொருத்துகிறார்கள். இங்கிருந்து கிழக்கே போனால் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். அந்தக் கடலில் 1759-இல் பிரெஞ்சுத் தளபதி தாஷேயும் ஆங்கிலேயர் போகாக்கும் மோதினார்கள். 1782-லும் 83-லும் சுஃப்ரேனும் எட்வர்ட் ஹியூஸும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று நம் கரை நெடுகப் போரிட்டார்கள். 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களில் சிலவற்றைப் புயல் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. அது நடந்து இரண்டு வாரத்தில் புதுச்சேரி விழுந்தது. அந்த நாட்களில்தான் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் கண்ணை மூடினார். எந்த நாட்டு மாலுமி எங்கே எத்தனை பீரங்கி வைத்திருக்கிறான் என்ற கணக்கு நம் கடற்கரை மக்களுடைய வாழ்வையும் சாவையும் முடிவு செய்திருக்கிறது.

1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஜெர்மானியக் கப்பல் 'எம்டன்' துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. பட்டணத்து மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனார்கள். அன்றைக்குச் சாஸ்திரியாருக்கு 45 வயது நிறைந்தது. அது அவருடைய பிறந்த நாள். 'எம்டன்' எவ்வளவு பெரிய கப்பல்? 4,000 டன்கூடக் கிடையாது. அதன் பீரங்கியின் வாய் 10.5 சென்டிமீட்டர், குண்டின் எடை சுமார் 17 கிலோ. ஒரு மாநகரத்தைக் கலங்கடிக்க அதுவே போதுமானதாக இருந்தது.

இனி மறுமுனையைப் பாருங்கள். பின்னாளில் ஜப்பான் கட்டி முடித்த 'யமாதோ'வின் பீரங்கி வாய் 46 சென்டிமீட்டர். ஒரு குண்டின் எடை ஏறத்தாழ 1,460 கிலோ. அது போய் விழும் தூரம் 42 கிலோமீட்டர். காலாப்பட்டுக் கரைக்கு எதிரே அப்படி ஒரு கப்பல் நின்றால் திண்டிவனம் அதன் எல்லைக்குள் வந்துவிடும். நடுவில் இருக்கும் கிளியனூரைச் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட 'யமாதோ'வையே சிறிதாக்கிவிடும் கப்பல்கள் வரைபட மேசைகளில் இருந்தன.

கப்பல் ஏன் பெருத்துக்கொண்டே போனது? 1906-இல் பிரிட்டன் 'டிரெட்நாட்' என்ற கப்பலைக் கடலில் இறக்கியது. சுமார் 18,000 டன், 12 அங்குலப் பீரங்கிகள் பத்து. அன்றுவரை உலகில் இருந்த எல்லாப் போர்க்கப்பல்களும் ஒரே நாளில் பழையதாகிவிட்டன. எதிரி அடுத்த ஆண்டே அதே அளவில் ஒன்று கட்டுவான். அவனை மிஞ்சப் பீரங்கியைப் பெரிதாக்க வேண்டும். நம் பீரங்கி பெருத்தால் அவன் பீரங்கியும் பெருக்கும். ஆகவே நம் கவசத் தகடு தடிக்க வேண்டும். தகடு தடித்தால் எடை கூடும், அந்த எடையை மிதக்க வைக்க உடல் நீள வேண்டும். நீண்ட உடல் முழுவதையும் மறுபடியும் தகடு போர்த்திக் காக்க வேண்டும். அத்தனையையும் வேகமாக இழுக்க இன்னும் பெரிய எந்திரம், அந்த எந்திரத்துக்கு இன்னும் அதிக எண்ணெய், அந்த எண்ணெய்க்கு இன்னும் பெரிய வயிறு. 1920-இல் பிரிட்டன் முடித்த 'ஹூட்' 41,000 டன்னைத் தாண்டியிருந்தது. பதினான்கு ஆண்டில் இரண்டு மடங்குக்கும் மேல்.

கப்பல் மட்டும் பெருத்தால் போதாது, கரையும் சேர்ந்து பெருக்க வேண்டும். புதுத் தேர் செய்கிறவர்கள் முதலில் நான்கு மாடவீதியையும் அளந்து பார்ப்பார்களே, அப்படித்தான். கப்பலின் அடிப்பாகத்தை அவ்வப்போது சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், பழுது பார்க்க வேண்டும். அதற்குத் தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலை நிறுத்தும் உலர்துறை வேண்டும். 1,000 அடிக் கப்பலுக்கு 1,000 அடிக்கு மேல் உலர்துறை. கால்வாயின் அகலம், துறைமுகத்தின் ஆழம் எல்லாமே கணக்கில் வரும். பிரான்சு நாடு 'ரிஷ்லியூ' என்ற கப்பலைக் கட்டியபோது பிரெஸ்ட் நகரத்து உலர்துறை அதன் நீளத்துக்குப் போதவில்லை. நடு உடலை ஓரிடத்தில் கட்டி, தலையையும் வாலையும் வேறிடத்தில் கட்டிக் கொண்டுவந்து ஒட்டினார்கள். இந்த 'ரிஷ்லியூ' பிறகு நம் பக்கத்துக் கடலுக்கு வரும். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டப்படாத கப்பல்களில் எனக்கு மிகவும் பிடித்த கதை அமெரிக்க செனட்டர் பெஞ்சமின் டில்மன் கேட்டு வாங்கிய வரைபடங்களின் கதை. அவர் தெற்குக் கரோலினாக்காரர். ஒவ்வோர் ஆண்டும் கடற்படை வந்து இன்னும் கொஞ்சம் பெரிய கப்பல், இன்னும் கொஞ்சம் பணம் என்று கேட்பதில் பொறுமை இழந்தார். இதற்கு முடிவு எங்கே? கட்டக்கூடியதிலேயே மிகப் பெரிய கப்பல் எது என்று ஒரே தடவையாக வரைந்து காட்டுங்கள் என்றார். முதலில் 1912-இல் கேட்டார், மறுபடி 1916-இல் கேட்டார். பொறியாளர்கள் எல்லையை எங்கே போட்டார்கள் தெரியுமா? பீரங்கியில் அல்ல, பணத்திலும் அல்ல. பனாமா கால்வாயில். அதன் பூட்டுத்தொட்டி 1,000 அடி நீளம், 110 அடி அகலம். ஆகவே கப்பல் 975 அடி நீளம், 108 அடி அகலம் என்று முடிவு செய்தார்கள். அந்த எல்லைக்குள் அடைக்கக்கூடியதை எல்லாம் அடைத்துப் பார்த்தார்கள். ஒரு வரைபடத்தில் 16 அங்குலப் பீரங்கிகள் 24, ஒரு சுழல் கோபுரத்துக்கு ஆறாக. இன்னொன்றில் 18 அங்குலப் பீரங்கிகள் 15. எடை 80,000 டன். அன்றைக்கு அமெரிக்கா புதிதாகக் கட்டி முடித்திருந்த 'பென்சில்வேனியா' 31,400 டன்தான்.

டில்மன் செய்தது மிக நல்ல காரியம் என்பது என் கருத்து. படிப்படியாக ஏறுகிற செலவை யாரும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதில்லை. அவர் ஏணியின் கடைசிப் படியைக் காட்டச் சொன்னார். காட்டியவுடன் அதில் ஏற யாருக்கும் துணிவு வரவில்லை. ஒரு கப்பல்கூடக் கட்டப்படவில்லை.

பிரிட்டனில் அதே ஏணியின் உச்சியைக் கண்டவர் கடற்படைத் தலைவர் ஃபிஷர். 'டிரெட்நாட்'டுக்குக் காரணமாக இருந்தவரும் அவரே. 1915-இல் 'இன்கம்பேரபிள்' என்று ஒன்றை வரைந்தார். 1,000 அடி நீளம், 46,000 டன், 20 அங்குலப் பீரங்கிகள் ஆறு, வேகம் 35 நாட். ஆனால் கவசம் அந்தப் பீரங்கிக்கு ஈடானதாக இல்லை. வேகமே பாதுகாப்பு என்று அவர் நம்பினார். மே மாதத்தில் பதவி விலகினார். அவரோடு அந்தக் கப்பலும் போயிற்று. அதே ஆண்டு அவர் அவசரமாகத் தொடங்கிவைத்த 'ரினௌன்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு கப்பல்களோ கடலுக்கு வந்தன. அவற்றுக்கும் பெரிய பீரங்கி, நல்ல வேகம், மெல்லிய கவசம்.

போர் 1918-இல் முடிந்தது. பந்தயம் முடியவில்லை. 1921-இல் பிரிட்டன் தலா 48,400 டன்னில் நான்கு கப்பல்களுக்கு ஆணை கொடுத்தது. அதைவிடப் பெரிய பீரங்கியுடன், 18 அங்குலத்தில், இன்னொரு வகையையும் வரைந்து வைத்திருந்தது. ஜப்பான் 47,500 டன்னில் 46 சென்டிமீட்டர் பீரங்கி எட்டுடன் நான்கு கப்பல் கட்டத் திட்டமிட்டது. அவற்றுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, 13 முதல் எண்கள்தான். அமெரிக்கா பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பெரிய கப்பல்களைக் கட்டுத்தளத்தில் வைத்திருந்தது. ஜப்பானின் மொத்த அரசுச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கடற்படை விழுங்கிக்கொண்டிருந்தது. ஜப்பானியக் கடற்படை அமைச்சர் கதோ தொமோசபுரோ போர்முனை கண்டவர். ஆனாலும் இந்தக் கணக்கு நெடுநாள் தாங்காது என்று முதலில் புரிந்துகொண்டவர்களில் அவர் ஒருவர். அவருக்கு நாம் மரியாதை செய்ய வேண்டும்.

1921 நவம்பர் 12. வாஷிங்டன் மாநாட்டின் முதல் நாள். வரவேற்புரைதானே என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் எழுந்து எடுத்த எடுப்பிலேயே கணக்கைப் படித்தார். அமெரிக்கா இத்தனை கப்பலைக் கைவிடும், பிரிட்டன் இத்தனை, ஜப்பான் இத்தனை என்று பெயர் சொல்லிப் படித்தார். மூன்று நாடுகளுமாக 66 கப்பல், ஏறத்தாழ 19 லட்சம் டன். பாதி கட்டியவை, கட்டி முடித்தவை, ஆணை கொடுத்தவை எல்லாம் அதில் அடக்கம். அதுவரை ஒரு போரில்கூட இத்தனை பெரும்போர்க்கப்பல்கள் மூழ்கியதில்லை.

இந்த மாநாட்டுக்குத்தான் சாஸ்திரியார் போயிருந்தார். அவரை இந்திய மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. பிரிட்டிஷ் பேரரசின் தூதுக்குழுவில் கனடாவுக்கு ஒருவர், ஆஸ்திரேலியாவுக்கு ஒருவர், நியூசிலாந்துக்கு ஒருவர், இந்தியாவுக்கு இவர். அவ்வளவுதான். கோகலேக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்துக்குத் தலைவராக இருந்த மிதவாதி. அந்த ஆண்டுதான் லண்டன் பேரரசு மாநாட்டிலும் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்திலும் பேசிவிட்டு வந்திருந்தார். நாடு முழுவதும் ஒத்துழையாமை இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த காலம் அது. மாநாடு தொடங்கி ஐந்து நாள் கழித்து, நவம்பர் 17-இல், வேல்ஸ் இளவரசர் பம்பாயில் வந்து இறங்கினார். கடையடைப்பு, கலவரம், துப்பாக்கிச் சூடு. அவர் வந்த கப்பல் எது தெரியுமா? ஃபிஷர் தொடங்கிவைத்த அதே 'ரினௌன்'. ஜனவரியில் இளவரசர் சென்னைக்கு வந்தபோதும் கலவரம். பிப்ரவரி 4-இல் சௌரி சௌராவில் காவல்நிலையம் எரிந்தது. இரண்டு நாள் கழித்து வாஷிங்டனில் சாஸ்திரியார் பேனாவை எடுத்தார்.

அன்றைய இந்தியாவுக்கென்று ஒரு பெரும்போர்க்கப்பல்கூடக் கிடையாது. ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் தனி ஒதுக்கீடும் கிடையாது. எல்லாம் பிரிட்டிஷ் பேரரசின் கணக்கில் அடங்கிவிட்டது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே இரண்டு பயணிக் கப்பல் ஓட்டிய வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்த அரசின் பெயரால்தான் சாஸ்திரியார் அங்கே அமர்ந்திருந்தார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவரை அன்றைய தேசியவாதிகள் கடுமையாகச் சாடினார்கள்; அந்தச் சாடலில் நியாயமும் இருந்தது. பேரங்களை நடத்தியவர்களும் அவர் அல்லர். ஹியூஸ், பிரிட்டனின் பால்ஃபர், கதோ ஆகிய மூவருமே நடத்தினார்கள். அத்தனையும் சொன்ன பிறகும் நான் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஒரு பள்ளி ஆசிரியர், உலக வல்லரசுகள் தங்கள் ஆயுதத்தைத் தாங்களே குறைத்துக்கொண்ட முதல் பெரிய ஒப்பந்தத்தில் நம் நாட்டின் பெயரை எழுதினார். எழுதப்பட்ட விஷயம் நல்ல விஷயம். நம் பாடநூல்களில் அதற்கு நாலு வரி இடம் கொடுத்தால் குறைந்துபோகாது.

ஒப்பந்தம் சொன்னது இதுதான். எந்தப் புதுப் போர்க்கப்பலும் 35,000 டன்னைத் தாண்டக்கூடாது. பீரங்கி 16 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அமெரிக்காவும் பிரிட்டனும் ஐந்து பங்கு வைத்துக்கொண்டால் ஜப்பானுக்கு மூன்று. சில விதிவிலக்குகள் நீங்கலாகப் பத்தாண்டு புதுக்கப்பல் கட்டுவதில்லை. பிரிட்டனின் 48,400 டன் கப்பல்கள் நான்கும் ரத்தாயின. ஜப்பானின் 13-ஆம் எண் வரிசையும் ரத்து. பாதி கட்டிய 'தோசா'வை ஜப்பானியர்கள் தங்கள் குண்டுகளுக்கே இலக்காக்கிச் சோதித்துவிட்டு 1925-இல் மூழ்கடித்தார்கள்.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு சிறிய வாசல் திறந்திருந்தது. கைவிடப்படும் பெருங்கப்பல்களில் இரண்டு இரண்டை விமானந்தாங்கிக் கப்பல்களாக மாற்றிக்கொள்ளலாம் என்றது அது. அன்றைக்கு விமானந்தாங்கி என்பது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த வாசல் வழியாக வந்த இரண்டு கப்பல்களைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை நம் கடலுக்கு வந்தன.

ஒன்று 'அகாகி'. 1920 டிசம்பரில் ஜப்பானின் குரே கட்டுத்தளத்தில் அதற்கு ஏரா என்ற அடித்தண்டை வைத்தார்கள். பத்துப் பெரிய பீரங்கிகளுடன் 41,000 டன் போர்க்கப்பலாக வர வேண்டியது. ஒப்பந்தத்துக்குப் பின் பீரங்கிக் கோபுரங்களை விட்டுவிட்டு மேலே தட்டையாகத் தளம் போட்டார்கள். அதன் சகோதரிக் கப்பலான 'அமாகி'யும் மாற்றப்படவிருந்தது. 1923 செப்டம்பர் 1-இல் வந்த பெரும் நிலநடுக்கத்தில் அதன் உடல் கட்டுத்தளத்திலேயே முறிந்தது.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. தளபதி நகுமோவின் முதன்மைக் கப்பலாக 'அகாகி' இலங்கைக்குத் தெற்கே வந்து நின்றது. கொழும்பின் மேல் விமானங்கள் பறந்தன. அன்றே பிரிட்டனின் 'டார்செட்ஷையர்', 'கார்ன்வால்' இரண்டும் மூழ்கின. ஏப்ரல் 6-இல் இன்னொரு ஜப்பானிய அணி விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கியது. ஏப்ரல் 9-இல் திருகோணமலை. மட்டக்களப்புக்கு எதிரே 'ஹெர்மஸ்' மூழ்கியது. முதல் ஏராவிலிருந்தே விமானந்தாங்கியாக வரையப்பட்ட முதல் கப்பல் அது. அதை மூழ்கடித்தவை, போர்க்கப்பலாகப் பிறந்து விமானந்தாங்கியாக மாறிய 'அகாகி'யின் தலைமையில் வந்த அணியின் விமானங்கள். அந்த ஏப்ரலில் சென்னை காலியானதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் சொந்தக்காரர் இருந்தவர்கள் பாக்கியவான்கள்.

மற்றொன்று 'சரடோகா'. 1920 செப்டம்பரில் அமெரிக்காவின் காம்டன் நகரில் தொடங்கியது. 43,500 டன், 16 அங்குலப் பீரங்கி எட்டு என்பது முதல் திட்டம். அதுவும் விமானந்தாங்கியாக மாறியது. 1944 மார்ச் கடைசியில் அது திருகோணமலைக்கு வந்து பிரிட்டிஷ் கிழக்கத்தியக் கடற்படையோடு சேர்ந்தது. ஏப்ரலில் நான் முன்பு சொன்ன 'ரிஷ்லியூ'வும் அங்கே வந்தது. பிரிட்டனின் 'குயீன் எலிசபெத்', 'வேலியன்ட்' என்ற பழைய போர்க்கப்பல்களும் இருந்தன. எல்லாம் சேர்ந்து ஏப்ரல் 19-இல் சுமத்ராவுக்கு அருகே சாபாங் துறைமுகத்தைத் தாக்கின. அடித்தது யார் என்றால், விமானங்களே. 15 அங்குலப் பீரங்கிகள் அன்றைக்குக் காவலாகக் கூட நின்றன.

இரண்டே ஆண்டு இடைவெளியில் ஒரே திருகோணமலை வாசலுக்கு இரண்டு கப்பல்கள். ஒன்று அழிக்க வந்தது, ஒன்று காக்க வந்தது. இரண்டும் சாஸ்திரியார் கையெழுத்திட்ட தாளால் பீரங்கி இழந்தவை. 1922-இல் வாஷிங்டனில் இருந்த யாரும் இதை எண்ணிப் பார்த்திருக்க முடியாது. போர்க்கப்பலின் வளர்ச்சியைத் தடுத்த ஒப்பந்தம், போர்க்கப்பலைப் பயனற்றதாக்கிய கருவியைத் தானே பெற்றெடுத்துவிட்டது.

அந்தப் பயனின்மையை நம் மக்கள் மிக அருகிலிருந்து பார்த்தார்கள். சிங்கப்பூர் செம்பவாங்கில் பிரிட்டன் ஒரு கடற்படைத் தளம் கட்டியது. 1938 பிப்ரவரி 14-இல் அங்கே திறக்கப்பட்ட, ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் கொண்ட உலர்துறையின் நீளம் 1,000 அடி. அந்தத் தளத்தில் வேலை செய்தவர்களில் தமிழர்கள் ஏராளம். பல தலைமுறைக்கு அவர்களுடைய குடியிருப்பே அங்கே இருந்தது. பெரும் போர்க்கப்பல் எது வந்தாலும் தாங்கும் கரை தயாராகிவிட்டது. கடைசியில் வந்தவை 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', ஃபிஷரின் 'ரிபல்ஸ்' என்ற இரண்டு கப்பல்கள். 1941 டிசம்பர் 10 அன்று குவந்தானுக்கு எதிரே ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. அந்த விமானங்கள் கிளம்பியது சைகோன் பக்கத்துத் தளங்களிலிருந்து. நம் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் கடை வைத்தும் உத்தியோகம் பார்த்தும் வாழ்ந்த அதே சைகோன்.

கரையின் எல்லையைப் பற்றிச் சொன்னேனே, அதற்கும் திருகோணமலையே சாட்சி. 1944 ஆகஸ்ட் 8-இல் 'வேலியன்ட்' பழுது பார்ப்பதற்காக அங்கிருந்த மிதக்கும் உலர்துறைக்குள் நுழைந்தது. குண்டுகளை இறக்காமலே வந்திருந்தது. துறையை மேலே தூக்கத் தொட்டிகளிலிருந்து தண்ணீரை இறைத்தபோது எந்தத் தொட்டி முதலில், எது பிறகு என்ற வரிசை கப்பலின் எடைப் பரப்புக்கு ஒத்துவரவில்லை. துறையின் முதுகெலும்பு முறிந்து அது மூழ்கியது. கப்பல் தப்பியது, ஆனால் அதன் சுழலிகளும் சுக்கானும் சேதமாகி, மீதிப் போருக்குப் பயன்படாமல் போயிற்று. 'வேலியன்ட்' 36,000 டன் அளவுள்ள, வயதான கப்பல். டில்மனின் 80,000 டன் கப்பலை எந்தத் துறை தூக்கியிருக்கும்?

இந்தப் பின்னணியில் ஜெர்மனியின் வரைபடங்களைப் பார்க்க வேண்டும். 1939-இல் ஹாம்பர்க்கிலும் பிரெமனிலும் 'எச்' வகைக் கப்பல்கள் இரண்டுக்கு ஏரா வைத்தார்கள். போர் தொடங்கியதும் வேலையை நிறுத்தினார்கள். வரைவது மட்டும் நிற்கவில்லை. 1944 வாக்கில் அது 345 மீட்டர் நீளம், 1,31,000 டன், 50.8 சென்டிமீட்டர் பீரங்கி எட்டு என்று வீங்கியிருந்தது. கட்ட எஃகு இல்லை, ஆள் இல்லை, நிறுத்த இடம் இல்லை. வரைந்தவர்களுக்கும் அது தெரியும். இன்றைக்கு இளைஞர்கள் கணினி விளையாட்டுகளில் இவற்றை ஓட்டுகிறார்கள், பொம்மைக் கப்பலாகச் செய்கிறார்கள். செய்யட்டும். ஆனால் இதை நான் டில்மன் வரைபடங்களோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். டில்மன் வரைபடம் ஒரு செனட்டர் தன் நாட்டின் செலவைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில். இது யாரும் கேள்வி கேட்க முடியாத ஆட்சியில் மேசைக்கு மேசை நகர்ந்த காகிதம்.

சோவியத் நாடு 59,000 டன்னில் பல கப்பல்களுக்குத் திட்டமிட்டது, ஒன்றும் முடியவில்லை. அமெரிக்கா 'மொன்டானா' வகையில் ஐந்து கட்ட எண்ணியது. அவை பனாமா கால்வாய்க்குள் நுழையாத அளவு அகலம். அவற்றுக்காகப் பெரிய பூட்டுத்தொட்டிகளைத் தோண்டவும் தொடங்கி, பிறகு அதையும் நிறுத்தியது. 1943-இல் ஐந்தும் ரத்தாயின.

இங்கே ஒரு கேள்வி வரும். அந்த ஒப்பந்தம் கடைசியில் தோற்றுத்தானே போயிற்று? 1934 டிசம்பரில் ஜப்பான் விலகுவதாக அறிவித்தது. 1936 முடிவோடு ஒப்பந்தம் காலாவதியானது. 1937 நவம்பரில் அதே குரே கட்டுத்தளத்தில் 'யமாதோ'வுக்கு ஏரா வைத்தார்கள். அப்போது சாஸ்திரியார் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இரண்டாம் உலகப் போரையும் அது தடுக்கவில்லை. எல்லாம் உண்மை.

ஆனாலும் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். 1922 முதல் 1936 வரை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் உலகில் பெரும்போர்க்கப்பல் கட்டும் வேலை அநேகமாக நின்றிருந்தது. பிரிட்டன் கட்டிய 'நெல்சன்', 'ராட்னி' இரண்டும் ஒப்பந்தமே அனுமதித்தவை. அந்த ஆண்டுகளில் ஜப்பானிய உழவரும் ஆங்கிலச் சுரங்கத் தொழிலாளியும் கட்டிய வரியிலிருந்து 48,000 டன் கப்பல்களுக்குப் பணம் போகவில்லை. அப்படிக் கட்டியிருந்தாலும், பிற்காலத்தில் ஒரு நூறு விமானங்களுக்கு முன் அவை என்ன ஆகியிருக்கும் என்பதைக் குவந்தான் காட்டிவிட்டது. 'யமாதோ'வே 1945 ஏப்ரல் 7-இல் விமானங்களால் மூழ்கியது. அதன் சகோதரியாகத் தொடங்கி விமானந்தாங்கியாக மாறிய 'ஷினானோ' கடலுக்கு வந்து சில நாட்களில், 1944 நவம்பர் 29-இல், ஒரு நீர்மூழ்கியிடம் போனது.

சாஸ்திரியார் 1946 ஏப்ரல் 17-இல் காலமானார். 'சரடோகா' அதே ஆண்டு ஜூலை 25-இல் பிக்கினித் தீவில் அணுகுண்டுச் சோதனையில் மூழ்கியது. அவருடைய வாழ்க்கையைச் சிறுவர்களுக்குச் சொல்லும்போது வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்பதோடு வாஷிங்டனையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஆசிரியர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒப்பந்தத்தின் முழு வாசகமும் அச்சில் கிடைக்கிறது. அதில் எந்த நாடு எந்தக் கப்பலை விட்டுக்கொடுத்தது என்ற பட்டியலும் பெயரோடு இருக்கிறது. வரலாறு படிக்கும் மாணவர் ஒருவர் அதை எடுத்துவைத்து, எந்தக் கப்பல் என்ன ஆயிற்று என்று ஒவ்வொன்றாகத் தேடிப்போனால் ஓராண்டுக்கு வேலை இருக்கும்.

கேள்வி கேட்க நேரம் விட வேண்டும் என்று அவைத்தலைவர் முன்பே சொல்லியிருக்கிறார். கேளுங்கள்.